ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து 12 வருடம் வேலை பார்த்தாகிவிட்டது, இப்போது போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி (டிப்ளமோ நர்ஸ்களுக்கான டிகிரிப் படிப்பு) சேரலாமா? வேலூர் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி சிஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 34. ஜி.என்.எம் மூன்றரை வருடமாக இருந்தபோது படித்த செட், 2012-இல் முடித்தேன். இரண்டு பிரசவ லீவு தவிர இன்றுவரை வேலையை விட்டதில்லை.

போன மாதம் எங்கள் யூனிட்டில் இன்சார்ஜ் இடம் காலியானது. எனக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பி.எஸ்.சி முடித்து மூன்று வருடமே ஆன ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் மெஷினைப் பார்க்காதே, பேஷன்ட் நெஞ்சைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவள் நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்றைக்கு டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. டிகிரி இல்லை என்பதுதான் காரணம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

இப்போது என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் ரெகுலராகப் படிப்பது. இல்லை, இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வேலையோடு படிப்பது. மூன்றாவது, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏஜென்ட் இருக்கிறார், கூட வேலை செய்யும் சிஸ்டர் மூலம் தெரியும். வெளி மாநிலக் கல்லூரியாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதுமாம், அட்டெண்டன்ஸ் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஒன்றே கால் லட்சம், மூன்று தவணை.

வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. பிள்ளைகள் எட்டு வயது, நான்கு வயது. மாமியார் கூட இருக்கிறார், பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வீட்டு லோன் ஓடுகிறது, என் சம்பளத்தில்தான் அது போகிறது. படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள். இந்த வயதில் இது தேவையா?

ஆரணி அக்கா:

தேவைதான் மா. நான் 36 வயதில் சேர்ந்து 38-இல் முடித்தேன், ரெகுலர், இதே ஜில்லாவில். எங்கள் வகுப்பில் நான்தான் மூத்தவள் என்று நினைத்துக்கொண்டு போனேன், என்னைவிடப் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

முதலில் ரெகுலரைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம். பிளஸ் டூ, ஜி.என்.எம், அப்புறம் நர்சிங் கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன், இவை வேண்டும். முதல் வருடத்தில் நர்சிங் ஃபவுண்டேஷன், நியூட்ரிஷன், பயோகெமிஸ்ட்ரி, பயோபிசிக்ஸ், சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பிரசவம், குழந்தை நலம், மெடிக்கல் சர்ஜிக்கல், இங்கிலீஷ். இரண்டாம் வருடத்தில் சோஷியாலஜி, கம்யூனிட்டி, மனநலம், அதோடு மூன்று பாடம் புதிதாக வரும்: நர்சிங் எஜுகேஷன், அட்மினிஸ்ட்ரேஷன், ரிசர்ச்சும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும். உனக்குப் பாதிக்கு மேல் தெரிந்ததாகத்தான் இருக்கும். தெரிந்ததை எழுதுவதுதான் கஷ்டம். பன்னிரண்டு வருடமாக நர்சஸ் ரிப்போர்ட்டில் நான்கு வரி எழுதிய கை, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் கேட்காது. முதல் இன்டர்னல் பரீட்சையில் எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்பு ஒரு பக்கம், வெறுமனே பார்த்தாவது எழுதிப் பழகினேன்.

வேலையோடு ரெகுலர் படிக்க முடியாது, அதில் யார் பேச்சையும் நம்பாதே. ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள், பிராக்டிக்கலில் டிகிரி வாங்குவதற்குள் 100 சதவீதத்தையும் முடித்திருக்க வேண்டும். நான் முதல் வருடம் சனிக்கிழமை இரவு மட்டும் ஒரு நர்சிங் ஹோமில் டூட்டி பார்த்தேன். இரண்டாம் வருடம் உடம்பு தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த டிகிரி கொடுத்தது பதவி மட்டும் இல்லை. கம்யூனிட்டி போஸ்டிங்கில் அணைக்கட்டு பக்கம் ஒரு ஊருக்கு வீடு வீடாகப் போனோம், ஆளுக்கு இரண்டு குடும்பம் எடுத்துக்கொண்டு ஃபேமிலி ஃபோல்டர் (அந்தக் குடும்பத்தின் உடல்நலப் பதிவேடு) எழுத வேண்டும். எனக்கு வந்த வீட்டில் ஒரு பாட்டி, சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். வார்டில் எத்தனை ஆயிரம் பேருக்கு நான் டிஸ்சார்ஜ் நேரத்தில் சொல்லியிருப்பேன், "இன்சுலினை ஃப்ரிட்ஜில் வையுங்கள்" என்று. அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஏப்ரல் மாதம், வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தகரக் கூரை வேறு. பாட்டி இன்சுலினை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். எங்கள் மேடம்தான் காட்டினார்: ஒரு பெரிய மண்பானையில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தை ஒரு டப்பாவில் போட்டு அதில் இறக்கி, மேலே ஈரத்துணி மூடுவது. மறுவாரம் போனபோது பாட்டி அந்தப் பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். நான் பதினான்கு வருடம் வார்டில் நின்று, ஒரு பேஷன்டிடம்கூட "உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா" என்று கேட்டதில்லை மா. இப்போது கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

லோன் விஷயம் வீட்டில் உட்கார்ந்து பேசு. கல்விக் கடன் 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் பேங்கில் தருவார்கள், வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பம் போடலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு லோன் ஓடும்போது இன்னொன்றைத் தலையில் ஏற்றுவது உன் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது.

வாலாஜா வாசகி:

ஏஜென்ட் வேண்டவே வேண்டாம் சிஸ்டர். மீதியை மற்றவர்கள் சொல்வார்கள்.

ராணிப்பேட்டை பிரதர்:

மற்றவர்கள் என்றால் நான்தான். நான் ஆண் நர்ஸ், டயாலிசிஸ் யூனிட். என் கதையை முழுசாக எழுதுகிறேன் சிஸ்டர், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஊர் வேறு, ஆள் வேறு, பேச்சு ஒன்றுதான். "பரீட்சைக்கு மட்டும் வாங்க பிரதர், மீதி எங்க பொறுப்பு." டீக்கடையில் உட்கார்ந்து பேசினார், கையில் ஒரு ஃபைல், அதில் பத்து இருபது பேரின் மார்க் ஷீட் ஜெராக்ஸ். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது, இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்களே என்று. முதல் தவணை 40 ஆயிரம் கொடுத்தேன். அப்புறம் ஒரிஜினல் கேட்டார். பத்தாவது, பிளஸ் டூ, ஜி.என்.எம், கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் கொடுத்தேன். கல்லூரியில் வெரிஃபிகேஷன் முடிந்ததும் வந்துவிடும் என்றார்.

ஒரு வருடம் கழித்துத்தான் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போய் இறங்கினால், கல்லூரிக் கட்டடம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, உள்ளே லேபில் பயிற்சிக்கான ஒரு மேனிக்கின் பொம்மைகூட இல்லை. எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் தமிழ்நாடு. பரீட்சை எழுதினேன். ஃபைன், கேஸ் புக், பிராக்டிக்கல் ரெக்கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்டார்கள். இரண்டாம் வருடம் நடுவில் எனக்கு வெளிநாட்டு இன்டர்வியூ வந்தது, ஒரிஜினல் சர்டிபிகேட் வேண்டும். கேட்டால், மீதிப் பணம் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அந்த இன்டர்வியூ போய்விட்டது. கடைசியில் அப்பா நிலத்துப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டி, நேரில் போய் வாங்கி வந்தோம். வாங்கும்போது ஜி.என்.எம் மார்க் ஷீட்டின் ஓரம் கரையான் அரித்திருந்தது.

டிகிரியாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை, பாதியிலேயே விட்டேன். என் கூட முழுதாக முடித்த ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது, கல்லூரிக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள் இல்லையா, அங்கே மாட்டிக்கொண்டார். அவர் வகுப்பில் உட்கார்ந்ததாகச் சொல்லும் அதே மாதங்களில் இங்கே ஒரு மருத்துவமனையில் முழுநேர டூட்டி பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் கொடுத்திருந்தார். இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிட்டது. அந்த அனுபவம் உண்மையானது, ஆனால் அதையும் சந்தேகப்பட்டார்கள்.

சிஸ்டர், உங்கள் 12 வருடம் சுத்தமான 12 வருடம். அதன் மேல் இந்தக் கறையை விழ விடாதீர்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அட்மிஷன் அன்று கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பது தவிர.

காட்பாடி சிஸ்டர்:

பிரதர், படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் ஒரிஜினல் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. நாளைக்கு முன்பணம் 5 ஆயிரம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கொடுக்க மாட்டேன். வீட்டுக்காரரிடமும் காட்டினேன், அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆரணி அக்கா, அந்த மண்பானை விஷயத்தை நாளைக்கே எங்கள் யூனிட்டில் சொல்லப் போகிறேன்.

இக்னோ படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குடியாத்தம் எம்.எஸ்:

நான் இக்னோ. மூன்று வருடப் படிப்பு, அதிகபட்சம் ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். 1994 முதல் நடத்துகிறார்கள், வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்காகவே ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம் படித்தவர்கள் ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பத்தாவதோடு ஜி.என்.எம் படித்த பழைய சீனியர்களுக்கு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். எங்கள் வார்டில் இருந்த ஒரு மூத்த சிஸ்டர் அப்படித்தான் சேர்ந்தார். நுழைவுத் தேர்வு உண்டு. ஒவ்வொரு ஸ்டடி சென்டருக்கும் இடம் குறைவு, அதனால் தேர்வைச் சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று போகாதே, ஜி.என்.எம் புத்தகத்தைத் தூசி தட்டி மூன்று மாதமாவது படி.

பலரும் நினைப்பது போல இது வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிற படிப்பு இல்லை. தியரிக்குப் புத்தகம் வீட்டுக்கு வரும், அசைன்மென்ட் எழுதி அனுப்ப வேண்டும், அது சரி. பிராக்டிக்கலுக்கு ஸ்டடி சென்டர் சொல்லும் தேதியில் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். நான் சென்னைக்குப் போனேன். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சாயங்காலம் அதிலேயே திரும்பி, சில நாள் அப்படியே நைட் டூட்டிக்கும் போயிருக்கிறேன். அது தப்பு, இப்போது யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அப்படிப் போன இரவில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) டோஸ் கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். கூட இருந்த சிஸ்டர் சரிபார்த்ததால் பேஷன்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து பிராக்டிக்கல் வாரத்துக்கு லீவு எழுதிக்கொடுத்துவிடுவேன், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று.

லீவு கிடைக்குமா என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உன் நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள். வாயால் "பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த வாரத்தில் இரண்டு பேர் திடீர் லீவு போட்டால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு மூன்று வருடம் என்பது நான்கரை வருடமாக ஆனது. நடுவில் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார், இரண்டு தாளை அடுத்த தடவைக்குத் தள்ளினேன். ஆனால் ஒரு மாதச் சம்பளம்கூட நிற்கவில்லை, லோனும் கட்டினேன், பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்டினேன். உன் நிலைமையில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

பாகாயம் டியூட்டர்:

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், நானும் ஜி.என்.எம்-இல் தொடங்கி வந்தவள்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்வியை வேலூரில் இருந்துகொண்டு கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் ஒரு பெருமையும் சேர்ந்தே வருகிறது. இங்கே சி.எம்.சி-யை (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில், 1909-இல் டெலியா ஹௌட்டன் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் நம் நாட்டில் நர்சிங்கில் பி.எஸ்.சி முதன்முதலாக ஆரம்பித்த இரண்டு இடங்களில் சி.எம்.சி ஒன்று, இன்னொன்று டெல்லி. டிப்ளமோ படித்தவர்கள் டிகிரிக்கு ஏறிப் போக ஒரு படிக்கட்டு வேண்டும் என்று இரண்டு வருடப் படிப்பை முதலில் திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கினார்கள். அந்தப் படிக்கட்டுதான் இன்றைய போஸ்ட் பேசிக். அறுபது வருடத்துக்கும் மேலாக இருக்கிற வழி இது, குறுக்கு வழி தேட வேண்டிய அவசியமே இல்லை. சி.எம்.சி-யிலும் போஸ்ட் பேசிக் இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் செலக்‌ஷன் கமிட்டி விண்ணப்பம் வாங்கும், அறிவிப்பு வரும்போது கவனிக்க வேண்டும். அரசு வேலையில் இருக்கும் நர்ஸ்கள் சர்வீஸ் கேண்டிடேட்டாகப் போகலாம், உங்களுக்கு அது பொருந்தாது.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூன்று இடத்தில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அந்தந்த வருடத்துக்குப் பட்டியல் போடும், அதில் கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது, போஸ்ட் பேசிக் என்ற படிப்புக்கு நேராக இடங்கள் எண்ணிக்கை இருக்க வேண்டும். சில கல்லூரிகளுக்கு நான்கு வருட பி.எஸ்.சி-க்கு மட்டும்தான் அனுமதி இருக்கும். அடுத்தது தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில். அப்புறம் டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. படிப்பு முடித்த பிறகு அந்தக் கூடுதல் தகுதியைக் கவுன்சிலில் பதிந்தால்தான் அது கணக்கில் வரும். உங்கள் ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூவல் விட்டுப்போயிருந்தால் முதல் வேலையாக அதைப் போடுங்கள், என் மாணவிகளில் வருடத்துக்கு இரண்டு பேராவது இதனால்தான் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள்.

டிகிரிக்குப் பிறகு என்ன மாறும்? தனியார் மருத்துவமனையில் சம்பளம் உடனே ஏறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், பல இடத்தில் சில நூறோ ஒன்றிரண்டு ஆயிரமோதான். வேறு கதவுகள் திறக்கும். எம்.எஸ்.சி போகலாம், போஸ்ட் பேசிக்கில் 55 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு வருட அனுபவம் வேண்டும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐ.சி.யூ-வில் இருப்பதால் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட ரெசிடென்ஸி (மருத்துவமனையிலேயே பயிற்சி பெறும்) படிப்பும் உண்டு. அதற்கு டிகிரி கட்டாயம். கல்லூரியில் டியூட்டராக வரலாம், ஜி.என்.எம் மட்டும் வைத்துக்கொண்டு வர முடியாது. சவூதியில் டிப்ளமோவுக்கு ஒரு தரம், டிகிரிக்கு அதற்கு மேல் ஒரு தரம் என்று பிரித்துத்தான் பதிகிறார்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான். எய்ம்ஸ் தேர்வு எழுத ஜி.என்.எம்-காரர்களுக்கும் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவத்தோடு அனுமதி உண்டு, ஆனால் அதில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, அதனால் உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை. இதைப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது ஐ.சி.யூ-வில் இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்வது மட்டும்தான் என்றால், கிரிட்டிக்கல் கேரில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது, அது டிகிரி இல்லை, ஆனால் நல்ல படிப்பு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் நிறையப் பேர் குழம்பி இதில் சேர்ந்துவிட்டு, டிகிரி எங்கே என்று கேட்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு டிகிரிதான் வேண்டும் என்று தோன்றுகிறது.

நியூயார்க் சித்தப்பா மகள்:

நான் வேலூர்தான், கொசப்பேட்டை. இங்கே நியூயார்க்கில் நர்ஸாக இருக்கிறேன். அந்த ஏஜென்ட்கள் "அமெரிக்காவிலேயே ஆன்லைனில்தான் டிகிரி முடிக்கிறார்கள்" என்று சொல்லி நம்ப வைப்பதாகக் கேள்விப்பட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உண்மைதான், இங்கே ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆனவர்கள் பி.எஸ்.என் (நர்சிங் டிகிரி) முடிக்க ஆன்லைன் படிப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அது எப்படி என்று பாருங்கள். இங்கே இரண்டு வருட அசோசியேட் டிகிரி படித்தே ஆர்.என் லைசென்ஸ் வாங்கலாம். மீதி கிரெடிட்டை (பாடங்களுக்கான புள்ளிகள்) ஆன்லைனில் எடுக்கிறார்கள். மொத்தம் 120 கிரெடிட் அளவுக்கு வர வேண்டும், பழைய படிப்பின் கிரெடிட்டையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். கம்யூனிட்டி பாடத்துக்குப் பல இடங்களில் களத்துக்குப் போய் மணி நேரக் கணக்கு காட்ட வேண்டும். வாரா வாரம் கட்டுரை, ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து எடுத்தாய் என்று காட்ட வேண்டும். நைட் டூட்டி முடித்து வந்து அதை எழுதுகிற கஷ்டம் எனக்குத் தெரியும்.

ஏன் எல்லோரும் படிக்கிறார்கள் என்றால், 2010-இல் வந்த ஒரு பெரிய அறிக்கை, 2020-க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பி.எஸ்.என் ஆக வேண்டும் என்று சொன்னது. நியூயார்க் மாநிலத்தில் 2017 டிசம்பரில் சட்டமே போட்டார்கள், புதிதாக லைசென்ஸ் வாங்குபவர் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என் முடிக்க வேண்டும் என்று. அக்கா, அங்கே நீங்கள் பதவி போனதற்கு அழுதது போல இங்கேயும் இருபது வருட சீனியர்கள் அழுதிருக்கிறார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் நர்ஸ் 52 வயதில் படித்து முடித்தார்.

இந்தச் சட்டம் இந்த ஊருக்கானது. அதைக் காட்டி அங்கே ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

காட்பாடி சிஸ்டர்:

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக டூட்டி முடிந்து வந்து இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேசினோம். சம்பளம் நின்றால் லோன் கட்ட முடியாது, அதனால் ரெகுலர் இப்போதைக்கு இல்லை. இக்னோ நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். மாமியார்தான் முதலில் "படி, நான் இருக்கிறேன்" என்றார். அவர் ஐந்தாவதுவரை படித்தவர். சின்னவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் இன்று பேசினேன். பிராக்டிக்கல் நாட்களுக்கு லீவு தருவதாகச் சொன்னார், எழுத்தில் கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு கடிதம் கொடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். புது இன்சார்ஜ் பெண்ணிடமும் சொன்னேன். "அக்கா, ரோஸ்டர் நான்தானே போடுகிறேன், நீங்கள் தேதியை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பரை எடுத்துப் பார்த்தால், டியூட்டர் மேடம் சொன்னது சரிதான், ரினியூவல் தேதி தாண்டி நான்கு மாதம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை அதற்குத்தான் முதலில் விண்ணப்பம் போடப் போகிறேன்.

ஒரே ஒரு பயம் பாக்கி. இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம், வார்டில் பேசுவதற்குக் குறையில்லை, ஆனால் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால்?

ஆரணி அக்கா:

நானும் அரசுப் பள்ளி தமிழ் மீடியம்தான் மா. சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. வார்டில் ஹேண்டோவர் எப்படிக் கொடுப்பாய்? பேஷன்ட் யார், என்ன ஆச்சு, இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும். அதே வரிசையில் பதிலை எழுது, படம் போட முடிந்த இடத்தில் படம் போடு. நெஃப்ரான் (சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி) படம் ஒன்றை ஒழுங்காகப் போட்டாலே அந்தக் கேள்விக்குப் பாதி வேலை முடிந்தது. ஐம்பது சதவீதம் வந்தால் பாஸ், நீ அதைத் தாண்டி வருவாய்.

குடியாத்தம் எம்.எஸ்:

என் பழைய நியூட்ரிஷன், சைக்காலஜி நோட்ஸ் எல்லாம் கைப்பட எழுதியது இருக்கிறது. இரண்டு அட்டைப்பெட்டி. என் பெண் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப், காட்பாடிக்குத் தங்கை வீட்டுக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் பதினொரு மணிக்கு நில்லு, கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரரையும் கூட்டி வா, பெட்டி கனமாக இருக்கும்.